யானைகளை ஏற்றிப் போன கார்

கார் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோரை எனக்குப் பிடிக்காது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்று முதல் கேள்வியாகக் கேட்கிறவனை அறவே பிடிக்காது. விருத்தாசலத்தில் எந்தத் தெருவில் நீ நூறைத் தொடப்போகிறாய்? கடைவீதியில் மாடு படுத்திருக்கும். பாலக்கரையில் ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் இரண்டாவது கியருக்கு மேல் கை போகாது. ஆனால் நொடிக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

வீட்டு மாடிக்குச் சமமாக உயர்ந்த கார்களை வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலும் கோபம் வருகிறது. அவ்வளவு பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. ஒருவர் இறங்கி நின்று "வா வா வா" என்று கத்த வேண்டும். கூரையில் கண்ணாடி திறக்கிறது. திறந்தால் நம் ஊர்ப் புழுதிதான் உள்ளே வரும். குளிர்சாதனத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு இருந்தது, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் திருப்பலாம். அதைப் பிடுங்கிவிட்டு டிவி மாதிரி ஒரு திரையை வைத்திருக்கிறார்கள். விரலால் தேடிக்கொண்டிருக்கும்போது எதிரே டிராக்டர் வருகிறது. எதிரில் வருகிறவனுக்குக் கண் கூசும் என்று தெரிந்தே முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் அச்சுக்கு ஏற்றதாக இருக்காது.

நல்ல கார் என்பது எது? ஓட்டுகிறவன் கை என்ன செய்கிறதோ அதைத் தரைக்குச் சொல்ல வேண்டும். தரை என்ன சொல்கிறதோ அதை அவன் கைக்குச் சொல்ல வேண்டும். நடுவில் பொய் இருக்கக் கூடாது. நல்ல ஓட்டுநர் என்பவன் யார்? பிரேக் போட்டது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. வளைவில் தலை சாயக் கூடாது. வேகம் என்பது இதற்கெல்லாம் அப்புறம். நாற்பது ஆண்டுகளாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் பேசியிருக்கிறேன், டீக்கடையில் பேசியிருக்கிறேன், துக்க வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகூடப் பேசியிருக்கிறேன்.

இப்படியெல்லாம் பேசுகிற நான் செய்த காரியத்தை இப்போது எழுதுகிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போட எழுதியது. போன வருஷம், என் காரால், ஒரு பெண்ணுக்கு வேலையும் பெயரும் போயின. காரால் என்று எழுதுவதுகூடத் தப்பிக்கும் வேலைதான். என்னால் போயின.

நான் செராமிக் படித்தவன். வடக்கே மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்தேன். வரும்போது இரண்டு கொண்டுவந்தேன். ஒன்று, முழங்கால் வலி. இன்னொன்று, ஒரு சின்னக் கார். வெளியே பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின், கையால் போடும் கியர். போதாதென்று புதுச்சேரியில் ஒரு பட்டறையில் ஸ்பிரிங்குகளை மாற்றிக் கட்டையாகவும் கெட்டியாகவும் போட்டுக்கொண்டேன். பெரிய சக்கரம், மெல்லிய டயர். வளைவில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும். வேகத்தடை வந்தால் அடி தட்டாமல் இருக்க முதல் கியரில் குறுக்காக ஏற்றுவேன். மனைவி ஒருமுறை ஏறினாள். கடைத்தெரு வரை போய்விட்டு, திரும்பி வரும்போது ஆட்டோவில் வந்தாள்.

என் தங்கைக்கு மங்கலம்பேட்டை ரோட்டில் ஒரு கொட்டகை இருக்கிறது. அவள் கணவர் இறந்த பிறகு அவளே நடத்துகிறாள். பீங்கான் பொம்மை வேலை. பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றி, காயவைத்து எடுத்து, விருத்தாசலத்துக்குக் கொண்டுபோய் வாடகைச் சூளையில் சுட்டு எடுப்பாள். கொலு சமயத்துக்கு அவளிடம் யானைக்குத்தான் கிராக்கி. தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் யானை. உடம்பு ஓர் அச்சு, தும்பிக்கை ஓர் அச்சு. இரண்டும் ஈரம் மிச்சம் இருக்கும்போதே கெட்டியான மண் கூழைத் தொட்டு ஒட்ட வேண்டும். அந்தக் கூழைச் 'சிலிப்பு' என்பார்கள். தும்பிக்கை ஒட்டுவது அங்கே ஒரே ஓர் அம்மாதான்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் திருப்பூரில். எப்போதாவது வருவார், வந்தால் சண்டை போட்டுவிட்டுப் போவார். மகள் கடலூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அதைத் தெரிந்துகொள்ள நான் கேட்க வேண்டியதே இல்லை. யார் வந்தாலும் பத்து வார்த்தைக்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். ஒட்டுகிற பொம்மையின் எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. பேசிக்கொண்டே ஒட்டுவார். யானைகளைத் திட்டிக்கொண்டே ஒட்டுவார். "தூக்கு, ஒழுங்கா தூக்கு, எனக்குன்னு வந்து சேர்ந்தே பாரு," என்று தும்பிக்கையை நிமிர்த்துவார்.

சுடாத பொம்மையை எங்கள் ஊரில் 'பச்சை' என்பார்கள். காய்ந்து வெளுத்திருக்கும், பெயர் மட்டும் பச்சை. பிஸ்கோத்து மாதிரி. ஓர் அதிர்ச்சி போதும். பச்சை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் எங்கள் ஊரில் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். எந்தச் சட்டமும் இல்லை, யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. லோடு ஆட்டோவில் வைக்கோலும் பலகையும் தெரிந்தால் பஸ்கூடப் பின்னாலேயே ஊர்ந்து வரும். கண்டக்டர் மட்டும் எட்டிப் பார்த்து, "என்னா, யானை ஊர்வலமா?" என்று கேட்பார்.

அன்றைக்குத் தங்கை வீட்டுக்குச் சும்மாதான் போனேன். யானைகள் பலகைகளில் அடுக்கித் தயாராக இருந்தன. வழக்கமாக வருகிற லோடு ஆட்டோ ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டிருந்தது.

"நாளைக்கிதாங்கறான். பரவால்ல, சூளைக்காரரு நாளைக்கி மதியம் வரைக்கும் எடம் வெச்சிருக்காரு," என்றாள் தங்கை.

"ஏன் நாளைக்கி? என் காரு இருக்குதில்ல?"

அவள் சிரித்தாள். "உன் காரா? ண்ணே, அதுல ஒக்காந்தா எழுந்திரிக்க எனக்கே கிரேன் வேணும். பச்சையை ஏத்தறதா?"

"ஸ்பிரிங்கு முக்கியமில்ல. ஓட்டறவன்தான் முக்கியம். உன் லோடு ஆட்டோக்காரனுக்கு பிரேக்குன்னா என்னன்னு தெரியுமா? மிதிச்சா நிக்கும், அவ்ளோதான் தெரியும். நான் ஓட்டினா தண்ணி தளும்பாது."

"வேணாண்ணே. ஒரு நாளுதானே."

யோசித்துப் பார்த்தால், ஒரு நாள்தான். ஒரு நாள் பொறுத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பின் இருக்கையை மடித்தேன். பழைய பஞ்சு மெத்தையைக் கேட்டு வாங்கி விரித்தேன். அந்த அம்மாதான் பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தி, இடையில் வைக்கோல் செருகி, எல்லாத் தும்பிக்கைகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தார்.

"பாத்துங்கய்யா. பச்சைங்க," என்றார்.

"நான் சர்வீஸ் பூரா இதுலதாம்மா இருந்தேன்."

"அதுக்கில்லீங்க. இதுங்க எம் பேச்சே கேக்காதுங்க, உங்க பேச்சையா கேக்கப்போவுதுங்க," என்று சொல்லிவிட்டுப் பின்கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்திச் சாத்தினார்.

முதலில் நன்றாகத்தான் ஓட்டினேன். அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை, பாருங்கள், இப்போதும். மூன்றாவது கியர், காலில் இறகு வைத்தது போல. பின்னால் ஒரு சத்தம் இல்லை. லோடு ஆட்டோக்காரன் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். தங்கை பார்க்க வேண்டும். என் பழைய ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ரோட்டோரம் நின்று பார்க்க வேண்டும்.

அப்போது பின்னால் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் ஒரு பெரிய கறுப்பு வண்டி. முழு வெளிச்சத்தைப் போட்டுப் போட்டு அணைத்தது. பட்டப்பகலில். பச்சை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஹாரன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வைக்கோலும் பலகையும் மூடிய காருக்குள் இருக்கின்றன, அவனுக்கு எப்படித் தெரியும் என்ற எண்ணம் வரவே இல்லை. அவன் என்னைத் தாண்டினான். தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. மிதிப்பதைத் தவிர அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த எண்ணம்தான் என்னை முடித்தது. நான் இரண்டாவது கியருக்கு இறக்கினேன்.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. மூச்சை உள்ளே இழுக்கும். பிறகு முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல ஒரு தள்ளு. அந்தத் தள்ளில் எனக்கு வயது போனது, முழங்கால் வலி போனது, மகன் போன் செய்யாதது போனது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: பின்னால் யானைகள் இருக்கின்றன என்பதை நான் முழுதாக மறந்திருந்தேன். அந்த மறதி சந்தோஷமாக இருந்தது.

ஒரு ரேஷன் கடை முன்னால் புதிதாக வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. இருந்திருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். பிரேக்கை மிதித்தேன், மிதித்ததோடு ஏறினேன். காரின் அடிவயிறு தார் மேட்டில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓரமாக நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். யானைகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு பக்கத்து யானை மேல் சாய்ந்திருந்தன, அவ்வளவுதான். தும்பிக்கைகள் எல்லாம் தூக்கியபடியே இருந்தன. ஒன்றும் ஆகவில்லை என்று நானே எனக்குச் சொன்னேன்.

ஆனால் எனக்குத் தெரியும். பச்சையில் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சூட்டில்தான் வாய் திறக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஒட்டு மேல் தடவினால், விரிசல் இருந்தால் கோடு கறுத்துத் தெரியும். தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் நான் கற்றுக்கொடுப்பது அதுதான். சூளைக்காரரிடம் மண்ணெண்ணெய் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். தடவியிருந்தால் கெட்டது எது, நல்லது எது என்று அங்கேயே பிரித்திருக்கலாம். சுடாத மண்ணை மறுபடி கரைத்துக்கொள்ளலாம், ஒன்றும் வீணில்லை. நான் கேட்கவில்லை. கறுப்புக் கோட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சூளைக்குப் போகும் வழியில், ஊர் நுழைவில் ஒரு பஸ் குறுக்கே நின்று வழி அடைத்திருந்தது. அந்தக் கறுப்பு வண்டியும் அங்கே நின்றது. நான் பக்கத்தில் போய் நிற்க, கண்ணாடி இறங்கியது. நடுத்தர வயதுக்காரர். பின் இருக்கையில் ஒரு முதியவர் துண்டால் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"சாரி சார், ஆஸ்பத்திரிக்கு அவசரம், அதான் ஹாரன் அடிச்சிட்டேன்," என்றார் அவர். அந்த நிலையிலும் என் காரை ஒரு பார்வை பார்த்து, "சின்ன வண்டி, நல்லா வருது சார்," என்றார்.

நான் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் அப்பாவைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்துச் சூளை திறந்தார்கள். சூளை திறக்கிற நாளில் எல்லாக் கொட்டகைக்காரர்களும் வருவார்கள். அவரவர் சரக்கு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கவும், அடுத்தவர் சரக்கு எப்படி என்று பார்க்கவும். எங்கள் பலகைகள் வெளியே வந்தன. பாதிக்கு மேல் யானைகளுக்குத் தும்பிக்கை இல்லை. மிச்சத்தில் தும்பிக்கையின் அடியில் ஒரு வெடிப்பு வாய் பிளந்து நின்றது.

சூளைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்னாங்க இது. தும்பிக்கை இல்லாம எல்லாம் பன்னியாட்டம் நிக்குது. ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்புங்க, வராக சாமின்னு வாங்கிக்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. சூளையிலிருந்து சரக்கை இறக்கத் தலையில் சும்மாட்டோடு வந்திருந்த அந்த அம்மா அப்படியே நின்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே படித்தவன்.

"நீங்க பாருங்க சார், என்னா ஆச்சு?" என்று சூளைக்காரர் உடைந்த யானையை என் கையில் கொடுத்தார்.

அந்த நேரத்தில் இரண்டு வாக்கியம் போதுமானதாக இருந்தது. என் வண்டி குதித்துவிட்டது, தப்பு என்னுடையது. சிரித்திருப்பார்கள். என் கார் பேச்சுக்கெல்லாம் சேர்த்துவைத்துச் சிரித்திருப்பார்கள். நான் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விரலால் தடவினேன். தொழிற்சாலையில் அறிக்கை சொல்லும் குரல் எங்கிருந்தோ வந்தது.

"சிலிப்பு தண்ணியா இருந்திருக்குது. ஒட்டு காயும்போதே சுருங்கிடுச்சு. அதான் சூட்டுல விட்டுடுச்சு."

யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? அப்படியும் நடக்கும். நான் சொன்னதில் அறிவியல் தவறு ஒன்றும் இல்லை. பொய்யை அவ்வளவு சரியாகச் சொல்லத் தெரிந்திருந்தது எனக்கு. அந்த அம்மா தன் கை விரல்களைப் பார்த்தார்.

கொலு ஆர்டர் கைவிட்டுப் போனது. தங்கை அந்த அம்மாவை எல்லோர் முன்னாலும் திட்டினாள். ஒட்டு வேலையிலிருந்து எடுத்து, அச்சு கழுவப் போட்டாள். கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றது. வேறு கொட்டகைகளில் வேலை கேட்டிருக்கிறார். சின்ன ஊர், சின்னத் தொழில். "தும்பிக்கை உழுந்துச்சே, அந்தம்மாவா?" என்று கேட்டிருக்கிறார்கள். இதெல்லாம் தங்கை பேச்சுவாக்கில் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டு டீ குடிப்பேன். பிறகு ரோட்டைப் பற்றித் திட்ட ஆரம்பிப்பேன். அந்த மாதங்களில் நான் எல்லோரையும் திட்டினேன். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடையைத் திட்டினேன். அதைப் போட்டவர்களைத் திட்டி ஒரு மனுகூட எழுதினேன். பெரிய வண்டிக்காரர்களைத் திட்டினேன். மனைவி ஒருநாள், "யாரு மேல கோவம் உங்களுக்கு?" என்று கேட்டாள். உலகத்தின் மேல் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேப்பூர் வரை ஓட்டிக்கொண்டு போவது வழக்கம். சென்னை–திருச்சி ரோட்டை ஒட்டி வரிசையாக ஹோட்டல்கள். பஸ்கள் நிற்கும், லாரிகள் நிற்கும். அன்று பொங்கல் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்தவர் சாப்பிட்ட இலையை எடுக்க ஒரு கை வந்தது. நிமிர்ந்தேன். அந்த அம்மா.

"வாங்கய்யா. நல்லாருக்கீங்களா?" என்றார். கொஞ்சம்கூடக் கசப்பு இல்லாமல். மேசையைத் துடைத்தார். "காரு வெளிய நிக்குதே, அப்பவே நெனச்சேன் நீங்களாத்தான் இருக்கும்னு."

"இங்கேயா இருக்கீங்க?"

"ஆமாங்க. காலையில முத பஸ்ஸுல வந்துட்டு சாயந்தரம் போயிடுவேன். புள்ள படிப்பு இன்னும் இருக்குதுங்களே." துணியைக் கையில் முறுக்கியபடி நின்றார். போகவில்லை. பிறகு தயங்கிக் கேட்டார். "அய்யா, ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு சிலிப்பு ரொம்ப தண்ணியாவா இருந்துச்சு? நானும் நெனச்சு நெனச்சு பாக்குறேன். எப்பவும் கரைக்கற மாதிரிதான் கரைச்சேன். ஆனா நீங்க படிச்சவங்க, பாத்து சொன்னீங்க. அப்ப எனக்குத் தெரியாமயே கை தப்பு பண்ணியிருக்கு. அதான் பயமா இருக்குது. தெரிஞ்சு பண்ணா திருத்திக்கலாம்."

பொங்கல் வந்தது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வேலை போனது எனக்குத் தெரிந்திருந்தது. பெயர் போனதும் தெரிந்திருந்தது. அவர் என்னை நம்பியிருந்தார் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. தன் கையை விட என் வாயை நம்பியிருந்தார்.

திரும்பும் வழியில் ரோடு காலியாக இருந்தது. எஞ்சின் மிதிக்கச் சொல்லிக் காத்திருந்தது. மிதிக்கக் கால் வரவில்லை. நேராகத் தங்கையின் கொட்டகைக்குப் போனேன். அவள் ஓர் அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். ஹாரன், துரத்தல், வேகத்தடை, மண்ணெண்ணெய், எல்லாம்.

அவள் அச்சைக் கீழே வைத்தாள்.

"உன் பேச்சை நம்பி நான் அவளைத் திட்டினேன்," என்றாள். "என் வாயால திட்டினேன். 'நீயெல்லாம் எதுக்கு கூலி வாங்கறே'ன்னு கேட்டேன். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்."

"நின்னுக்கினு இருந்தே." அந்த வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னாள். பிறகு கை கழுவினாள். "வா. இப்பவே போலாம்."

நான் கார் சாவியை எடுத்தேன்.

"அதுல நான் ஏற மாட்டேன். பஸ்ஸுல போலாம்."

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. வழி முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரைவர் பஸ்ஸைத் தூக்கிப் போட்டார். பிரேக்கைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் எழவில்லை.

ஹோட்டலின் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தில் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்த சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதாம்மா."

"அன்னிக்கு அங்க வெச்சு, சிலிப்பு தண்ணின்னு சொல்லும்போதே தெரியும்?"

"தெரியும்."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை நீட்டி நிறுத்தினார். முதலாளியை அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"இங்க பாத்திரத்துக்கு நடுவுல சொன்னா எனக்கு என்னாங்க ஆவும்? சூளை வாசல்ல சொன்னீங்க. அங்கயே வந்து சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. அதுக்கப்புறம் வேலைக்கு வரதா வேணாமான்னு நான் சொல்றேன்." பாத்திரத்தை மறுபடி எடுத்தார். "நான் கை போச்சுன்னே நெனச்சுக்கினு இருந்தேன்," என்று தேய்த்தபடி சொன்னார். அழுகை இல்லை. கோபம்தான். அந்தக் கோபத்தின் முன்னால் என் நாற்பது ஆண்டுக் கோபமெல்லாம் வெறும் பொழுதுபோக்கு.

அடுத்த முறை சூளை திறந்த அன்று போனேன். கொட்டகைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்த அம்மாவும் வந்து ஓரமாக நின்றார். நான் பேசினேன். அறிக்கை சொல்லும் குரல் வரவில்லை. இருந்தாலும் கறுப்பு வண்டி வரை, மண்ணெண்ணெய் வரை சொன்னேன். யானைகளை உடைத்தது நான், அந்த அம்மாவின் ஒட்டு அல்ல என்றேன்.

சூளைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப அந்தப் பன்னியெல்லாம் உங்க காரு போட்ட குட்டியா சார்?"

சிரிப்பு வெடித்தது. யாரோ பின்னாலிருந்து, "தான் ஓட்டினா தண்ணி தளும்பாதுன்னு டீக்கடையில சொல்வாரே," என்றார்கள். நான் எதற்குப் பயந்து ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேனோ அது இவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதற்குள் மறந்துவிடும் அளவு சிரிப்பு. அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கையிடம், "நாளைலேருந்து வரேங்க," என்று மட்டும் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை லோடு ஆட்டோவில் ஏறச் சொன்னாள் போலிருக்கிறது. பஸ்ஸிலேயே வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

காரை நான் விற்கவில்லை. விற்றேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு அந்தக் காரைப் பிடிக்கும், அதுவும் உண்மை. பெரிய வண்டிகளைப் பற்றியும் திரைகளைப் பற்றியும் நான் மேலே எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் இடதுபக்கம் ஒதுங்கி நின்றுவிடுகிறேன். அவர்கள் போகும்போது பின் இருக்கையைப் பார்க்கிறேன்.

அந்த அம்மா இப்போது தங்கையின் கொட்டகையில் பழைய இடத்திலேயே உட்கார்ந்து ஒட்டுகிறார். ஆனால் யானைகளைத் திட்டுவதில்லை. தும்பிக்கையை ஒட்டி, ஓரத்தை ஈர விரலால் வழித்துவிட்டு, கீழே வைக்கும் முன் அதைப் பிடித்து மெதுவாக ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். ஒவ்வொன்றையும். முன்பு ஒட்டியதில் பாதிதான் இப்போது ஒரு நாளில் முடிகிறது; கூலியும் அதற்குத் தகுந்தபடிதான்.

ஒட்டிய ஈரத்தில் அப்படி இழுப்பது ஒட்டுக்கு நல்லதல்ல. அது எனக்கு நன்றாகத் தெரியும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.